சோதனை மாத்திரைக்கு முன் ஒரு காலண்டர்

கேள்வி: எனக்கு 33 வயது. ஈரோட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் பிறந்து மறுபடி மாதவிடாய் வர ஆரம்பித்ததிலிருந்து, ஆறு வருடமாக, ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸுக்கு முதல் நாள் இடது நெற்றிப்பொட்டில் வலி தொடங்குகிறது. மூன்று நாள் விடாது. வாந்தி, வெளிச்சம் பட்டால் எரிச்சல். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திப் படுத்துவிடுவேன். பாராசிட்டமால் கேட்பதில்லை. மெடிக்கலில் தரும் ஒரு மஞ்சள் மாத்திரை சில நேரம் கேட்கிறது. கோவையில் ஒரு மருத்துவமனையில் இதற்கென்றே புது மாத்திரை சோதனை நடக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டார்கள். சிஜிஆர்பி என்பதைத் தடுக்கும் மாத்திரையாம். பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்பிருந்து ஆறு நாள் போட வேண்டுமாம். மொத்தம் ஏழு மாதம். பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரைதானாம். படிவத்தில் நாமினி பெயர் வேறு கேட்கிறார்கள். மாமியார், ‘உன்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்’ என்கிறார். கணவர், ‘உன் இஷ்டம்’ என்கிறார். சேரலாமா? அடுத்த வருடம் இரண்டாவது குழந்தை பற்றியும் யோசிக்கிறோம்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமியாரின் எலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எலியிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. பாதியில் ‘போதும்’ என்று கூண்டை விட்டுப் போகவும் அதனால் முடியாது. நீங்கள் எந்த நாளும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினீர்கள் என்பதற்காக உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியத்தை அவர்கள் குறைக்கக் கூடாது. இதெல்லாம் டாக்டரின் நல்ல மனசைப் பொறுத்தது இல்லை, சட்டம். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் இருக்கிறது.

ஆனால் மாமியாரின் பயத்தை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். அதில் ஒரு நியாயம் உண்டு. உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது டாக்டரின் வேலை. சோதனையின் வேலை வேறு: ‘இந்த மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா’ என்ற கேள்விக்கு விடை காண்பது. பெரும்பாலும் இரண்டும் ஒரே வழியில் போகும். சில இடங்களில் பிரியும். எங்கே பிரிகிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் போதும்.

அதற்கு முன் உங்கள் தலைவலியைக் கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் சொல்வது மாதவிடாயோடு வரும் மைக்ரேன் போலத்தான் தெரிகிறது. ஆனால் ‘ஒவ்வொரு மாதமும்’ என்று நினைவிலிருந்து சொல்வதை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். சர்வதேசத் தலைவலிச் சங்கம் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. உதிரம் தெரியும் நாள் 1. அதற்கு முந்திய நாள் −1, அதற்கும் முந்தியது −2. கணக்கு டீச்சருக்கு இது வேடிக்கையாக இருக்கும்: இந்தக் கோட்டில் பூஜ்யம் கிடையாது. −2 முதல் +3 வரையிலான ஐந்து நாளுக்குள் வலி தொடங்க வேண்டும், மூன்று மாதவிடாயில் இரண்டுக்காவது அப்படி நடக்க வேண்டும். அந்த ஐந்து நாள் தவிர வேறு எப்போதும் வராவிட்டால் அது சுத்தமான மாதவிடாய் மைக்ரேன். மற்ற நாளிலும் வந்தால் மாதவிடாயோடு தொடர்புள்ள மைக்ரேன். இரண்டாவது வகைதான் அதிகம்.

சில வருடம் முன்பு ஒரு அம்மா வந்தார். ‘தூரம் ஆனால்தான் டாக்டர் வரும், மற்றபடி வராது’ என்று அடித்துச் சொன்னார். எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். நோட்டுப் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை, வீட்டுச் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரையே கழற்றிச் சுருட்டி எடுத்து வந்துவிட்டார். கட்டத்தின் மூலையில் பால் கணக்கு. அதன் மேல் உதிரம் தெரிந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், தலைவலி நாளுக்குப் பெருக்கல் குறி. மூன்று மாதத் தாளைப் பிரித்து மேஜையில் வைத்துப் பார்த்தோம். வட்டத்தை ஒட்டிப் பெருக்கல் குறிகள் இருந்தன, உண்மைதான். ஆனால் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் நாலைந்து. ‘இதெல்லாம் என்னம்மா’ என்று கேட்டேன். காலண்டரில் அச்சடித்திருந்ததை அவரே படித்தார்: சஷ்டி, கிருத்திகை, சஷ்டி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து இருக்கும் விரத நாட்கள். பட்டினி மைக்ரேனைக் கிளப்பும் என்பது பழைய விஷயம். ஆனால் ஆறு வருடமாக அவர் பழியை மாதவிடாய் மேல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். விரதத்தன்று நேரத்துக்குப் பாலும் பழமும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்தப் பெருக்கல் குறிகள் குறைந்தன. வட்டத்தை ஒட்டியவை அப்படியே இருந்தன. அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தேன்.

நல்ல சோதனை என்றால் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே உங்களை இரண்டு மூன்று மாதம் இப்படி எழுதச் சொல்வார்கள். அதைக் கேளுங்கள். நேராக முதல் நாளே மாத்திரை கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, இந்த வலி ஏன் மாதவிடாயைக் கட்டிக்கொண்டு அலைகிறது? உதிரம் வருவதற்கு முன் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் காரணம் என்பதை 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் சாமர்வில் என்ற நரம்பியல் மருத்துவர் காட்டினார். மாதவிடாய்க்கு முன் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் ஊசி போட்டார். உதிரம் அதன் நேரத்துக்கு வந்தது, தலைவலி தள்ளிப்போனது. புரொஜெஸ்டிரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போட்டபோது உதிரம் தள்ளிப்போனது, தலைவலி அதன் நேரத்துக்கு வந்தது. ஆக, வலிக்குக் காரணம் உதிரப்போக்கு அல்ல, உள்ளே ஈஸ்ட்ரஜன் இறங்குவது. கர்ப்பப்பையிலிருந்து அந்த நாட்களில் கிளம்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலியூட்டும் ரசாயனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடிவயிற்று வலிக்குப் போடும் மாத்திரை சிலருக்குத் தலைவலியையும் குறைப்பது அதனால்தான்.

உங்கள் படிவத்தில் இருக்கும் சிஜிஆர்பி என்பது தலை நரம்புகள் வெளியிடும் ஒரு புரதத் துணுக்கு. மைக்ரேன் வலிக்கு அது ஒரு முக்கியமான தூதர். 2023-ல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனைக் குழு ஒன்று, மைக்ரேன் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் இது மற்றப் பெண்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ரத்தத்தில் மட்டுமில்லை, கண்ணீரிலும் அளந்து பார்த்தார்கள். எனவே ஈஸ்ட்ரஜன் சரியும் அந்த ஆறு நாளில் சிஜிஆர்பி-யைத் தடுத்துப் பார்ப்போம் என்ற யோசனை அர்த்தமுள்ளதுதான். இந்த வகை மருந்துகள், மைக்ரேனுக்கு வழக்கமாகத் தரும் டிரிப்டான் மாத்திரைகளைப் போல ரத்தக் குழாயைச் சுருக்குவதில்லை, அதுவும் ஒரு நல்ல அம்சம்.

ஆனால் யோசனை சரி என்பதால் மருந்து வேலை செய்துவிடும் என்று இல்லை. இதற்கு ஒரு உதாரணம் உண்டு, எனக்குப் பிடித்தது. ஈஸ்ட்ரஜன் சரிவதுதான் காரணம் என்றால் அந்த நாட்களில் ஈஸ்ட்ரஜன் ஜெல் தடவினால் தீர்ந்தது, இல்லையா? லண்டனில் ஆன் மக்கிரெகர் குழு அப்படிச் செய்து பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டது. ஜெல் தடவிய நாட்களில் தலைவலி நாட்கள் 22 விழுக்காடு குறைந்தன. நிறுத்திய பின் வந்த ஐந்து நாட்களில் 40 விழுக்காடு கூடின! சரிவைத் தடுக்கவில்லை, தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள். தடவிய நாட்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தியிருந்தால் ‘அருமையான மருந்து’ என்று விளம்பரமே வந்திருக்கும். ஆகவே கோவையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ‘ஆறு நாள் முடிந்த பிறகு வரும் ஒரு வாரத் தலைவலியையும் எண்ணுகிறீர்களா?’ இதைக் கேட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, உங்களை உறுத்துகிற அந்த மருந்தில்லாத மாத்திரை. பிளாசிபோ என்பார்கள். இது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வது ஏமாற்று இல்லை. இது ஏன் தேவை என்பதற்கு எண்ணே சாட்சி. ஃபுரோவாடிரிப்டான் என்ற மாத்திரையை இதே மாதிரி ஆறு நாள் கொடுத்து 546 பெண்களிடம் சோதித்தார்கள், 2004-ல் முடிவு வந்தது. மூன்று விதமாகவும் ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தார்கள். பிளாசிபோ போட்ட மாதத்தில் தலைவலி வந்தது 67 விழுக்காட்டினருக்கு. மருந்து தினம் ஒரு வேளை போட்டபோது 52. இரண்டு வேளை போட்டபோது 41. பிளாசிபோ எண்ணைத் திரும்பப் பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரை போட்டும் மூன்றில் ஒருவருக்கு அந்த மாதம் தலைவலி வரவில்லை. மைக்ரேன் அப்படித்தான், சில மாதம் தானாகவே விட்டுவைக்கும். பிளாசிபோ என்று ஒரு பக்கம் இல்லாவிட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அந்தச் சோதனையில் ஒவ்வொரு பெண்ணும் ஏதோ ஒரு மாதம் உண்மையான மருந்தைப் போட்டிருப்பார். உங்களுடையது அப்படியா, அல்லது கம்ப்யூட்டர் குலுக்கலில் பிளாசிபோ விழுந்தால் கடைசி வரை அதுதானா? கேளுங்கள். இரண்டாவது முறை என்றாலும் தவறில்லை. ஆனால் வலி வந்துவிட்டால் போடுவதற்கு ஒரு நல்ல மாற்று மாத்திரை அனுமதிக்கப்பட வேண்டும். எது, எத்தனை மணி நேரம் கழித்து என்பது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்கிற சோதனையில் சேர வேண்டாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்க வேண்டும் என்றால், அது எப்போது வரும் என்று முன்பே தெரிய வேண்டும். 28 நாளுக்கு ஒரு நாள் முன்பின் என்றால் பரவாயில்லை. உங்களுக்கு 26-லும் வரும், 34-லும் வரும் என்றால் நீங்கள் எதிர்பார்த்து மாத்திரையைத் தொடங்கி, அது முடிந்த பிறகு உதிரம் வரும். மாதத்துக்கு ஒரு வலிதான் வருகிறது என்பதால் ஒரு மாதம் தவறினால் ஒரு தரவே போய்விடும். ஏழு மாதம் ஆவது இதனால்தான், வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

நாமினிக்கு வருவோம். இந்தக் கட்டத்தைப் பார்த்து மிரளாதவர்களை நான் பார்த்ததில்லை. எல்ஐசி ஏஜெண்ட் கேட்டால் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம், ஆஸ்பத்திரியில் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. நம் நாட்டு விதிப்படி சோதனையில் சேரும் எல்லோரிடமும் அதைக் கேட்டாக வேண்டும். படிப்பு, தொழில், வருட வருமானம்கூடக் கேட்பார்கள். மாத்திரையில் விசேஷமான ஆபத்து இருப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை. சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தர வேண்டும் என்பது சட்டம். நாமினி கட்டம் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கடுமையான பாதிப்பு ஏதாவது நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் சோதனையை மேற்பார்க்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும் தகவல் போக வேண்டும்.

அந்த நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். ஒரு வக்கீல், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். நானும் இப்படி ஒரு குழுவில் இருந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கம் வந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் மறைத்து வைப்பார்கள், ஆங்கிலத்தில் அதற்குக் ‘கண்ணைக் கட்டுவது’ என்ற மாதிரி ஒரு சொல். மொழிபெயர்த்த புண்ணியவான், ‘உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் பார்வை நீக்கப்படும்’ என்று எழுதியிருந்தார். எங்கள் குழுவின் சாதாரண ஆள், ஓய்வு பெற்ற தபால்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘அப்புறம் ஊசி யார் சார் போடுவாங்க?’ என்றார். சிரித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பினோம். உங்கள் கையில் இருப்பது தமிழ்ப் படிவமா என்று பாருங்கள். ஒரு வரி புரியாவிட்டாலும் புரியும்வரை கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு பிரதி உங்களுடையது. 2009 ஜூன் 15-லிருந்து இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை, ஆள் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தத் தளத்தில் போட்டுப் பார்த்தால் சோதனையின் விவரம் வந்துவிடும். ‘எண் அப்புறம் தருகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விடை அதில்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் புது மருந்து என்ன செய்யும் என்பது இந்தக் கட்டத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனவே ஏழு மாதமும், முடிந்த பின் சில வாரமும், கருத்தடை கட்டாயம் என்பார்கள். மாதா மாதம் சிறுநீர்ப் பரிசோதனையும் இருக்கும். தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பத்தில் போட்டதால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த அனுபவத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் 1977-லிருந்து 1993 வரை கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பக் கட்டச் சோதனைகளிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பெண்களுக்குக் கொடுக்கும் மருந்தைப் பெண்களிடம் போதுமான அளவு சோதிக்காமலே கொடுத்த காலம் அது. இன்று கருத்தடை நிபந்தனையோடு சேர்க்கிறார்கள். அந்த நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹார்மோன் கருத்தடை மாத்திரை போட்டால் சோதனையே குழம்பும் என்பதால் காப்பர்-டி அல்லது ஆணுறையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆக உங்கள் கணவர் ‘உன் இஷ்டம்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதில் பாதி அவர் இஷ்டம். இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ‘அடுத்த வருடம்’ என்பது வரும் சித்திரையா, அதற்கடுத்த தையா? ஏழெட்டு மாதத்துக்குள் என்றால் சேர வேண்டாம், என் பதில் அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துத்தான் என்றால், மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் சரியாக இருந்தால், தாராளமாகச் சேரலாம்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மருந்துகளையே நீங்கள் இன்னும் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஆறு வருடம் பாராசிட்டமாலிலும் மஞ்சள் மாத்திரையிலும் ஓடியிருக்கிறது. சுமாடிரிப்டான், ரைசாடிரிப்டான் எல்லாம் நம் ஊர்க் கடையில், டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கின்றன. இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றை, வலி தொடங்கிய சற்று நேரத்திலேயே போட வேண்டும். துண்டைக் கட்டிப் படுத்து, இனி முடியாது என்ற பிறகு போட்டால் பாதிதான் கேட்கும். கூட நாப்ராக்சன் என்ற வலி மாத்திரையும் தருவதுண்டு. நாப்ராக்சனை மட்டும் பீரியட்ஸுக்கு முன்பிருந்து சில நாள் போட்டு வலியே வராமல் தடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு முயற்சி செய்யும் மாதங்களில் அதை முன்கூட்டித் தொடங்க வேண்டாம். உதிரம் தெரிந்த பிறகுதான். வலி மாத்திரையை மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்பதையும் காலண்டரில் குறியுங்கள். டிரிப்டானோ கலவை மாத்திரையோ மாதம் பத்து நாளைத் தொட்டால் மருந்தே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும்.

அந்த மஞ்சள் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எர்கோட்டமின் என்று எழுதியிருந்தால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பத்துக்கு அது ஆகவே ஆகாது, டிரிப்டானோடு 24 மணி நேரத்துக்குள் சேரவும் கூடாது. அதேபோல, வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளிந்து மின்னும் கோடுகளோ பாதிப் பார்வை மறைவதோ உண்டா? உண்டென்றால் கோவை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை மைக்ரேனில் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இன்னொரு ஆறுதல்: கர்ப்பம் நான்காம் மாதத்தைத் தாண்டினால் இந்த வகை மைக்ரேன் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈஸ்ட்ரஜன் சரியாமல் மேலே நிற்கும் காலம் அது. மகளைச் சுமந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

சோதனையில் சேர்வதென்று முடிவானால் நாமினி கட்டத்தில் கணவர் பெயரை எழுதுங்கள். மாமியார் பெயரையும் எழுதலாம், தடை ஏதும் இல்லை. ஆனால் எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.